பின் வலது மூலை

அந்த ரிசீவரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. ஒரு பக்கம் டிராயிங்காரர், மறுபக்கம் ரேடியோ ரிப்பேர்க்காரர். பழைய காலத்துப் பாட்டுப் பெட்டி. வெளியே மரம், உள்ளே பூராவும் இரும்பு. வாடகை வண்டியிலிருந்து இறக்கி, நாலு படி ஏற்றி, ஹால் மேஜையில் வைப்பதற்குள் ரிப்பேர்க்காரருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இதைச் செய்தவன் ஒருநாளும் இதைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டான் என்று திட்டித் தீர்த்தார். அந்த மனிதருக்குத் தெருவில் ஃபியூஸ் என்று பேர். பொசுக்கென்று கோபம் வரும், அடுத்த நிமிஷம் போன இடம் தெரியாது.

டிராயிங்காரர் என்பதும் தெரு வைத்த பேர்தான். முப்பத்தைந்து வருஷம் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். வயசு எழுபத்திரண்டு. எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். சுவரில் காலண்டர் மாட்டுவதற்குக்கூட ஸ்கேலும் பென்சிலுமாக வந்து நிற்கிற ஆள். கல்யாணம் ஆகவில்லை. முதலில் அம்மா படுக்கையில் இருந்தார், பிறகு அம்மா இல்லை, பிறகு வயசு இல்லை. அவ்வளவுதான் அந்தக் கதை.

பெட்டி இத்தனை காலம் கிடந்தது அம்மாவின் ரூமில், கட்டிலுக்கு அடியில், ஒரு பழைய போர்வைக்குள். முப்பத்தெட்டு வருஷமாக அந்த ரூம் பூட்டியே இருந்தது. இப்போது தங்கை வரப்போகிறாள் என்பதால் திறந்தார். தங்கைக்கு அறுபத்தாறு. ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். போன வருஷம் புருஷன் போய்விட்டார், பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில். மழைக்காலத்தில் டிராயிங்காரர் நாலு நாள் காய்ச்சலில் கிடந்தபோது தண்ணீர் எடுத்துக்கொடுக்க ஆளில்லாமல் போனதிலிருந்து அவர் அவளிடம் போனில் கெஞ்சாத நாளில்லை. இங்கேயே வந்துவிடு, இரண்டு பேரும் எதற்குத் தனித்தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று. அவள் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் பத்து நாள் வந்து பார்க்கிறேன், மற்றதெல்லாம் அப்புறம் என்றாள். அந்தப் பத்து நாளை மீதிக் காலமாக்கிவிட வேண்டும். அவர் மனசில் அது ஒன்றுதான்.

இப்படி ஒரு பெட்டி இருந்ததே மறந்துபோச்சு என்று ஃபியூஸிடம் சொன்னார்.

மறக்கவில்லை. அதைப் போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளியவரே அவர்தான்.

பிறகு எதற்கு எடுத்தார் என்றால், அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். தங்கை வந்தால் பேசுவாள். பேசினால் பழசைக் கிளறுவாள். வீட்டில் பாட்டு ஓடினால் பேச்சு குறையும். அவ்வளவுதான் யோசனை.

ஃபியூஸ் கடையில் ஒரு வாரம் வைத்திருந்து, காய்ந்துபோன கண்டன்சர்களை எல்லாம் மாற்றி, தூசி தட்டி, ரெக்கார்டு பிளேயருக்கும் புது பெல்ட் போட்டுக் கொடுத்திருந்தார். நாலு ஸ்பீக்கரும் கணகணவென்று பாடுகிறது என்றார். குவாட்ரபோனிக் என்று பேர் போட்டிருந்தது முகப்பில். அந்தக் காலத்தில் கப்பலில் எலெக்ட்ரீஷியனாக இருந்த ஒரு நண்பர் வாங்கிவந்து கொடுத்தது. மற்ற செட்டுக்கெல்லாம் முன்னால் இரண்டு ஸ்பீக்கர் என்றால் இதற்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. நடுவே நாற்காலியில் உட்கார்ந்தால் பாட்டு நம்மைச் சுற்றி நிற்கும். முகப்பின் நடுவில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு குச்சி. அதை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்த மூலைக்குச் சத்தம் போகும், எதிர் மூலை அடங்கிவிடும்.

நாலாவது ஸ்பீக்கரை எங்கே வைக்கட்டும் என்று ஃபியூஸ் கேட்டார்.

டிராயிங்காரர் அம்மாவின் ரூம் கதவைப் பார்த்தார்.

அந்தக் காலத்தில் கூடவே ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். முன் ஸ்பீக்கருக்கும் பின் ஸ்பீக்கருக்கும் நடுவே பன்னிரண்டு அடி இருக்க வேண்டும் என்று படம் போட்டிருந்தது. ஹாலோ பத்து அடி. பின் இடதுக்கு ஜன்னல் மாடம் இருந்தது, சமாளித்துவிட்டார். பின் வலது மூலைக்கு நேராக அம்மாவின் ரூம் கதவு. டேப் வைத்து அளந்தார். பன்னிரண்டு அடி சரியாக அம்மாவின் தலைமாட்டில் போய் விழுந்தது. அங்கேயே வைத்துவிட்டார். கேட்டவர்களிடம், பாவம், படுத்தே இருக்காங்க, அம்மாவும் பாட்டு கேக்கட்டுமே என்றார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மெச்சிக்கொண்டு போனார்கள்.

அம்மாவுக்கு வந்தது பாட்டில் கால் பங்கு. வயலினும் குரலும் முன்னால் ஓடும். பின் வலதில் டிரம்மின் எதிரொலி, நடுநடுவே சலங்கை மாதிரி ஒன்று, முடிவில் கூட்டத்தின் சத்தம். ஒருநாள் அம்மா கேட்டார்.

"ஏண்டா பெரியவனே, எனக்கு மட்டும் ஏன் வெறும் கைத்தட்டல் வருது?"

அவர் அதை அலுவலகத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இப்போது அந்த ரூம் தங்கைக்கு வேண்டும். நாலாவது ஸ்பீக்கரை ஹாலிலேயே, கதவை ஒட்டி வைக்கச் சொன்னார். அளவு இரண்டடி குறையுமே சார் என்று ஃபியூஸ் கிண்டல் செய்தார். இந்த வயசில் காது என்ன டேப்பா பிடிக்கப்போகிறது என்றார் டிராயிங்காரர். ஃபியூஸ் ஒயரை மாட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். நல்ல வெயில். பக்கத்து வீட்டுக்காரர் சத்தத்துக்குச் சண்டைக்கு வருவார் என்று ஜன்னலெல்லாம் சாத்தினார். பலகை இடுக்கில் வந்த வெளிச்சம் தரையில் கோடு கோடாகக் கிடந்தது. ஆர்கெஸ்ட்ரா ரெக்கார்டு ஒன்றை எடுத்துத் துடைத்துப் போட்டு, முள்ளை இறக்கி, நாற்காலியில் சாய்ந்தார்.

முதல் கரகரப்பு. பிறகு வயலின். முன் இடது, முன் வலது, பின் இடது என்று மூன்று மூலையும் நிரம்பியது. உடம்பு சிலிர்த்தது அவருக்கு. இதை எதற்கு இத்தனை வருஷம் மூட்டைகட்டி வைத்தோம் என்றுகூடத் தோன்றிவிட்டது.

பின் வலது மூலையில் பாட்டு இல்லை.

ஒயர் லூசாக இருக்கும் என்று எழுந்து போய்க் குனிந்து பார்த்தார். ஒயர் இறுக்கமாகத்தான் இருந்தது. காதை ஸ்பீக்கரின் துணியில் வைத்தார்.

உள்ளே யாரோ மூச்சு விட்டார்கள்.

இழுத்து, நின்று, கொஞ்சம் யோசித்து, பிறகு விடுகிற மூச்சு. சளி கட்டிய நெஞ்சு.

அவர் ஃபியூஸுக்குப் போன் போட்டார். மூச்சு என்று சொல்ல வாய் வரவில்லை, ஒரு ஸ்பீக்கரில் இரைச்சல் என்றார். பின் இரண்டு ஸ்பீக்கரின் ஒயரையும் மாற்றி மாட்டிப் பாருங்க, இரைச்சல் இடம் மாறினால் கோளாறு செட்டில், மாறாவிட்டால் ஸ்பீக்கரில் என்றார் ஃபியூஸ். ஒயரை மாற்றினார். இடம் மாறவில்லை. சரி, ஸ்பீக்கர்தான் என்று இரண்டு ஸ்பீக்கரையும் தூக்கி இடம் மாற்றி வைத்தார்.

அப்போதும் இடம் மாறவில்லை.

ஒயரும் மாறிவிட்டது, ஸ்பீக்கரும் மாறிவிட்டது. மூச்சு அந்த மூலையிலேயே இருந்தது.

நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். வயலின் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு நடுவே டொக், டொக் என்று ஒரு சத்தம். இரும்புக் கட்டில் சட்டத்தில் டம்ளரைத் தட்டுகிற சத்தம். குரல் எழும்பாத நாட்களில் அம்மா அப்படித்தான் கூப்பிடுவார்.

டொக், டொக்.

"பெரியவனே."

அவர் கை ரிசீவருக்குப் போயிற்று. யோசித்துப் போகவில்லை. போய்ப் பழகிய கை. குச்சியைப் பிடித்து முன் இடது பக்கம், அந்த மூலைக்கு நேர் எதிரே, முழுக்கத் தள்ளியது.

பின் வலது அடங்கியது.

அப்பாடா என்று மூச்சை விட்டார். பின் இடது மூலையில் டம்ளர் தட்டியது.

பிறகு முன் வலதில்.

நாலு வருஷம் எழுந்து நடக்காத அம்மா ஹாலைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

தைல வாசனை. ஈரத் தலையணை வாசனை. நாற்காலிக்குப் பின்னால், அவர் பிடரிக்கு ஒரு சாண் தூரத்தில், அந்த மூச்சு இழுத்து, நின்று, யோசித்தது.

திரும்பிப் பார்க்காமலே ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

அதற்குப் பிறகு சாயங்காலம் வரை வாசல்படியில்தான் உட்கார்ந்திருந்தார். உள்ளே போகவில்லை. போவோர் வருவோரிடமெல்லாம் வலியப் போய்ப் பேசினார். பயம் என்றா நினைக்கிறீர்கள்? பயம் பாதிதான். மீதிப் பாதி, தங்கை காதில் இது விழுந்தால் என்ன ஆகும் என்பது. முப்பத்தெட்டு வருஷமாக அவளிடம் ஒரே வாக்கியத்தைச் சொல்லி வந்திருக்கிறார். அம்மா தூக்கத்திலேயே போயிட்டாங்க, கூப்பிடவே இல்லை.

இரண்டு நாள் கழித்துத் தங்கை வந்தாள். ஒரு பெட்டி, ஒரு கைப்பை. ரிசீவர்மேல் மேஜை விரிப்பு போர்த்தியிருந்தது. ரிப்பேர் என்று சொல்லிவிட்டார். அவள் வந்ததும் வீட்டுக்கே உயிர் வந்த மாதிரி ஆயிற்று. சமையலறை டப்பாக்களைக் கவிழ்த்துக் கழுவினாள். அவருடைய மாத்திரைகளை வரிசைப்படுத்தி, இதில் பாதி காலாவதி, நீ உயிரோடு இருப்பதே மாத்திரை சாப்பிட மறந்ததால்தான் என்றாள். அவர் சிரித்தார். வீட்டில் அவர் சிரித்து எத்தனை காலமோ. இரண்டாம் நாள் அவள் தன் புடவைகளை எடுத்து அலமாரியில் அடுக்குவதைப் பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்டியிலேயே வைத்திருந்தால் பத்து நாள். அலமாரியில் அடுக்கினால் தங்குவாள்.

அன்று சாப்பிடும்போது அவள் கேட்டாள். வருஷத்துக்கு ஒருதரம் கேட்பதுதான். அம்மா மாதிரி நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவர்களை வார்டில் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன், ஒருத்தரும் தூக்கத்தில் போனதில்லை, மூச்சடைத்தால் விழித்துக்கொண்டுவிடுவார்கள், அம்மா எப்படி சத்தமில்லாமல் போனார் என்று.

"தூங்கிட்டேதான் இருந்தாங்க பாப்பா. கூப்பிடல."

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சரி என்றாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் புது மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனார். கூட்டம். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே வயலின் கேட்டது.

ஓடினார். அந்த வயசில் ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது, ஆனாலும் ஓடினார்.

மேஜை விரிப்பு மடித்து வைக்கப்பட்டிருந்தது. ரெக்கார்டு சுற்றிக்கொண்டிருந்தது. தங்கை பின் வலது மூலையில் தரையில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் கன்னத்தைச் சாய்த்திருந்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற முகம்.

"உக்காரு அண்ணா. அம்மா ஏதோ கேக்கறாங்க. எனக்குப் பதில் தெரியல."

டொக், டொக்.

"பெரியவனே. பாட்டு முடிஞ்சிதா?"

அவர் செட்டை அணைக்கப் போனார். அவள் கையைக்கூடத் தூக்கவில்லை, ஒரு பார்வை பார்த்தாள். நின்றுவிட்டார்.

"எந்தப் பாட்டு அண்ணா?"

இல்லை, தெரியவில்லை, செட்டில் ஏதோ கோளாறு, ஃபியூஸைக் கூப்பிடலாம் என்று என்னென்னவோ சொன்னார். அவள் காத்திருந்தாள். மூலையில் மூச்சும் காத்திருந்தது. கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னார். தலைமாட்டில் அந்த ஸ்பீக்கர் ஓடும்போதெல்லாம் அம்மா கூப்பிடுவார், நெஞ்சில் டம்டம் என்கிறது, நிறுத்து என்று. தினமும் இதே புலம்பல். அதனால் அம்மா கூப்பிட்டாலே குச்சியை இழுத்து அந்த மூலையை அடக்கிவிடுவார். அம்மா அமைதியாகிவிடுவார். அன்றைக்கும் கூப்பிட்டார். ஸ்பீக்கர் சத்தத்துக்குத்தான் கூப்பிடுகிறார் என்று குச்சியை இழுத்தார். அப்படியும் டம்ளர் தட்டியது.

"இந்தப் பக்கம் முடியட்டும்மா, வரேன்னேன்."

"ரெக்கார்டுல ஒரு பக்கம் எவ்வளவு நேரம்?"

"இருபத்திரெண்டு நிமிஷம்."

"அளந்து வெச்சிருக்கே."

அவர் சுற்றுகிற ரெக்கார்டைப் பார்த்தார்.

"அவங்களை நிமிர்த்தி உக்கார வைக்க ரெண்டு நிமிஷம் போதும் அண்ணா. சரி, பாட்டு முடிஞ்சதும் போனியா?"

வயலின் தணிந்துகொண்டே வந்தது. வேறொரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மூலையில் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு உண்மை தெரியுமே.

"சத்தம் நின்னுடுச்சு பாப்பா. தூங்கிட்டாங்கன்னு நினைச்சேன். மறுபக்கம் போட்டேன்."

முள் ரெக்கார்டின் கடைசி வளையத்துக்கு வந்து டிக், டிக் என்று சுற்றியது. முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் ஓய்ந்தன. பின் இடதும் ஓய்ந்தது.

"முடிஞ்சிதாடா?"

தங்கை ஸ்பீக்கரின் துணியைத் தடவிக் கொடுத்தாள். காய்ச்சல்காரர் நெற்றியைத் தடவுவது போல.

"அவனுக்கு இன்னும் முடியலம்மா. நீ என்கூட வா."

பிறகு எழுந்தாள். அலமாரியில் அடுக்கிய புடவைகளைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். டிராயிங்காரர் கதவில் நின்று அழுதார், கெஞ்சினார். தெரியாமல் செய்தது, சின்ன வயசு, முப்பத்தெட்டு வருஷமாக அதை நினைக்காத நாளில்லை, இந்த வயசில் என்னைத் தனியாக விட்டுப் போகாதே என்றார். அவள் ஒவ்வொரு புடவையாக மடித்தாள். முடித்து, பெட்டியைப் பூட்டிய பிறகுதான் நிமிர்ந்தாள்.

"அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன்னு அன்னிக்கே கேட்டேன். பிள்ளை நான் இருக்கும்போது பொண்ணு வீட்டுல எதுக்குன்னு கேட்டியே. இப்ப என்ன சொல்றே?"

வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. டிரைவர் பெட்டியை வாங்கிப் பின்னால் வைத்தார். தங்கை உடனே ஏறவில்லை. பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். முட்டி மடங்காத ஒருவர் ஏறி, உள்ளே நகர்ந்து, சாய்ந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். டிரைவர் பின்பக்கக் கண்ணாடியில் ஒருதரம் பார்த்தார், பிறகு திரும்பிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

கார் அந்தப் பக்கம் லேசாகத் தாழ்ந்தது.

தங்கை கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் ஏறினாள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒன்றும் இல்லை. பயந்துகொண்டேதான் ஒருநாள் செட்டைப் போட்டார். நாலு மூலையிலும் பாட்டு வந்தது. பின் வலதில் டிரம் எதிரொலி, சலங்கை, கைத்தட்டல், எல்லாம் சுத்தமாக. ஃபியூஸ் வந்து கேட்டுவிட்டு, பார்த்தீங்களா சார், புது கண்டன்சர் கொஞ்ச நாள் ஓடினால்தான் பதப்படும் என்று பெருமைப்பட்டுக்கொண்டார். அவர் போன பிறகு டிராயிங்காரர் நாலு ஸ்பீக்கரின் சத்தத்தையும் அடக்கிவிட்டு அந்த மூலையில் காதை வைத்தார். தரையில் அப்படியே ஒரு மணி நேரம் இருந்தார். துணியின் தூசி வாசனை மட்டும் வந்தது.

தங்கைக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் மத்தியானம் எடுத்தாள். ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை, ஆனால் எடுத்திருந்தாள். பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம், குழாய்த் தண்ணீர், ஏதோ சிரிப்பு. தங்கை தனியாக இருக்கிற வீடு அது. குழாயை மூடிய சத்தம் தள்ளிக் கேட்டது. தங்கையின் மூச்சு போனுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"பாப்பா, நான்தான். எப்படி இருக்கே?"

பின்னால் அந்தச் சிரிப்பு தொடர்ந்தது.

"அம்மா..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. திரும்பவும், கொஞ்சம் சத்தமாக, "அம்மா" என்றார்.

சிரிப்பு நின்றது. செருப்பில்லாத கால் ஒன்று தரையில் இழுத்து இழுத்துப் போனை நோக்கி வந்தது. மூச்சு இழுத்து, நின்று, யோசித்தது. பிறகு நல்ல தெளிவாக, சளியே இல்லாத குரலில், அம்மா கேட்டார்.

"யாருடி போன்ல?"

"யாரும் இல்லம்மா," என்றாள் தங்கை. "ராங் நம்பர்."